வரியின் வலது ஓரம்

வண்டியிலிருந்து விழுந்தது எனக்கு நினைவில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். யுத்தம் முடிந்த மறு வருஷம், ஐப்பசி மாதம், விடாத மழை. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வர ஜட்கா பிடித்திருக்கிறேன். பெட்ரோல் கிடைக்காமல் அப்போதெல்லாம் பஸ்கள் கரியில் ஓடின. கடைத்தெருவில் அப்படி ஒரு பஸ்ஸைக் கிளப்பும்போது வெடி வெடித்தது மாதிரி சத்தம் வந்ததாம். குதிரை மிரண்டு முன்னால் பாய்ந்தது. வண்டியின் பின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த நான் மல்லாக்கக் கீழே விழுந்தேன். பின்னந்தலை சல்லிக் கல்லில் பட்டது.

நான் அப்போது திருத்தணியில் ஒரு ஆரம்பப் பள்ளியில் டீச்சர். கல்யாணமாகி மூன்று வருஷம். நைனா, என் அப்பா, அம்மையார்குப்பத்தில் தறி நெய்தவர். ஒரே பெண் என்று என்னை டீச்சர் டிரெயினிங் வரைக்கும் படிக்கவைத்துவிட்டு, தன் அக்கா மகனுக்கே கட்டிக்கொடுத்தார். அதனால் மாமியார் எனக்குச் சொந்த அத்தை. வீட்டுக்காரரைச் சின்ன வயதிலிருந்து கூப்பிட்ட மாதிரியே பாவா என்றுதான் கூப்பிடுவேன். பாவாவுக்கு ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலை. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வாடகை வீடு. நாங்கள் மூன்று பேர்தான்.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் மறுநாள் சாயங்காலம் கண் விழித்தேன். தலையில் கட்டு. வாந்தி. யார் பேசினாலும் தலைக்குள் இடித்தது. ஒரு வாரம் அப்படியே கிடந்தேன். பிறகு கட்டைப் பிரித்து, காயம் ஆறிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நானும் ஆறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த அன்று அத்தை வாழையிலை போட்டுச் சோறு போட்டாள். எனக்குப் பிடிக்கும் என்று புடலங்காய்ப் பொரியல் செய்திருந்தாள். ரேஷன் அரிசி கிடைப்பதே பெரிய காரியமாக இருந்த காலம். அதிலும் எனக்காக நல்ல அரிசி எங்கோ சொல்லி வாங்கிவைத்திருந்தாள். நான் சாப்பிட்டு முடித்து எழுந்தபோது அத்தையின் முகம் சுண்டிப் போயிற்று.

"பொரியல்ல கையே வெக்கலியே. இன்னா, நல்லா இல்லியா?"

"பொரியலா? நீங்க வெக்கவே இல்லியே அத்த."

அத்தை இலையைப் பார்த்துக் கையை நீட்டினாள். அந்தக் கையோடு என் பார்வையும் போனது. இலையின் வலது பாதியில் பொரியலும் அப்பளமும் அப்படியே இருந்தன. நடுவில் சோற்றைக்கூடக் கத்தியால் வெட்டின மாதிரி பாதி தின்றுவிட்டுப் பாதியை விட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் ஏதாவது ஒன்று நடந்தது. கதவு நிலையில் வலது தோள் இடித்தது. தண்ணீர்க் குடத்தைக் காலால் தட்டிக் கவிழ்த்தேன். பாவா கூப்பிடுவார்; குரல் கேட்கும், ஆள் இருக்கமாட்டார். தலையைத் திருப்பினால் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். அவர் மூக்கைப் பார்த்துக்கொண்டு பேசினால் முகத்தில் ஒரு பக்கம்தான் இருக்கும். பயந்துபோய்க் கண்ணை மூடிக்கொள்வேன்.

வலது கண் போய்விட்டது என்றாள் அத்தை. பக்கத்து வீட்டுக்காரர்களும் அதையே சொன்னார்கள். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தியைக் கூப்பிட்டு வலது கண்ணில் தாய்ப்பால் விடச் சொன்னார்கள். ஒருநாள் நானே கண்ணாடி முன்னால் நின்று வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தேன். நல்ல கண் என்று எல்லாரும் சொல்லும் கண் அது. அதிலும் வலது பக்கம் இல்லை. கையை மாற்றிப் பொத்திப் பார்த்தேன். அப்போதும் அதே பாதிதான் இல்லை. இரண்டு கண்ணும் ஒரே மாதிரிதான் பார்த்தன.

இதை எப்படிச் சொல்வது என்று நிறைய யோசித்திருக்கிறேன். பாதி கறுப்பாகத் தெரிந்ததா என்று கேட்பார்கள். கறுப்பு இல்லை. கறுப்பாக இருந்தால் அங்கே ஏதோ மறைக்கிறது என்றாவது தெரியும். நம் முதுகுக்குப் பின்னால் இருப்பது நமக்கு இருட்டாகவா தெரிகிறது? அங்கே பார்வையே இல்லை, அவ்வளவுதான். எனக்கு அந்த முதுகுப்புறம் வலது காது வழியாகச் சுற்றிக்கொண்டு மூக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

பாவா பயந்துவிட்டார். ரயில்வேயில் அவருக்குக் கண் பரிசோதனை உண்டு. அதில் தேறாதவர்களை லைனை விட்டு எடுத்துவிடுவார்கள். அப்படிப் போன ஒருவரை அவருக்குத் தெரியும். லீவு போட்டு என்னைப் பட்டணத்துக்கு ரயிலேற்றிக் கூட்டிக்கொண்டு போனார்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டர் யுத்தத்துக்குப் போய்வந்தவர். மண்டையில் அடிபட்ட சிப்பாய்களை நிறையப் பார்த்தவராம். சுவரில் ஒரு கறுப்புத் துணி மாட்டியிருந்தது. அதன் நடுவில் ஒரு புள்ளி. அதைவிட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, நுனியில் வெள்ளைக் குண்டு வைத்த ஒரு குச்சியை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தார். தெரிந்ததும் சொல்ல வேண்டும். இடது பக்கமிருந்து வந்தபோதெல்லாம் "ஆங், ஆங்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு ரொம்ப நேரம் அவர் ஒன்றும் செய்யாமல் சும்மா நிற்பதாக நினைத்தேன். அவர் சும்மா நிற்கவில்லை. வலது பக்கமிருந்து கொண்டுவந்துகொண்டிருந்தார் என்று பாவா பிறகு சொன்னார். குச்சி நடுப்புள்ளியைத் தொடும்வரை நான் வாயைத் திறக்கவில்லையாம்.

"உன் கண்ணு ரெண்டும் நல்லா இருக்கும்மா" என்றார் டாக்டர். "கண்ணு பாக்கிறதை வாங்கிக்கிற இடம் பின்னந்தலையில இருக்கு. அங்கே ஒரு பக்கம் அடிபட்டுப் போச்சு. அதனாலதான் ரெண்டு கண்ணுலயும் ஒரே பக்கம் இல்லை."

"திரும்பி வருமாங்க?" என்று பாவா கேட்டார்.

"இன்னும் கொஞ்ச மாசத்துல கொஞ்சம் வரலாம். வராமலும் போகலாம். வரும்னு சொல்லி நான் உங்களை ஏமாத்த மாட்டேன்."

பாவா தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ஆனா, அது வராமலே நீ நடக்கலாம், சமைக்கலாம், படிக்கலாம். கத்துக்கணும். கத்துக்கொடுக்க ஆள் இருக்கு. இங்கே கொஞ்ச நாள் இருக்கிறியா?"

இருக்கிறேன் என்றேன். படிக்கலாம் என்று அவர் சொன்னது ஒன்றுதான் என் காதில் நின்றது.

கத்துக்கொடுத்தவர் ஒரு மலையாள நர்ஸ். அவரும் யுத்த ஆஸ்பத்திரியில் இருந்தவர். தமிழ் பேசுவார், ஆனால் 'பார்' என்கிற வார்த்தை மட்டும் அவர் வாயில் வரவே வராது. 'நோக்கு' என்றுதான் சொல்வார். முதல் நாள் ஒரு மேஜைமேல் கறுப்புக் கம்பளி விரித்து அதில் சோழிகளை இறைத்து, எல்லாவற்றையும் பொறுக்கு என்றார். பொறுக்கினேன். முடிந்தது என்றேன். அவர் என் கையைப் பிடித்து வலது பக்கம் கொண்டுபோய் வைத்தார். கைக்கடியில் சோழிகள் குவியலாக இருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எதுக்கு கரையிறே? அழாதே. உனக்குத் தெரியாத இடம் எதுன்னு இப்போ உனக்குத் தெரியும். தெரியாதவங்கதான் விழுவாங்க" என்றார்.

அவர் முறை இதுதான். எதைப் பார்த்தாலும் முதலில் வலது ஓரம். மேஜை என்றால் வலது விளிம்பைக் கையால் தொட்டுவிட வேண்டும். அங்கிருந்து தொடங்கி இடது பக்கம் வர வேண்டும். அறைக்குள் நுழைந்தால் முதலில் வலது சுவர். "தலையை அப்புறம் திருப்பு. கண்ணு முந்திப் போகட்டும். சின்னதாப் போகக்கூடாது. தூரத்துக்குத் தாவணும்" என்பார். ஆஸ்பத்திரியின் நீள வராந்தாவில் வலது பக்கத் தூண்களில் துண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டு என்னை நடக்கவைத்தார். என்ன நிறத் துண்டு என்று நடந்துகொண்டே சொல்ல வேண்டும். முதலில் ஒன்றுகூடத் தெரியவில்லை. பிறகு ஒன்றிரண்டு தெரிந்தது. தெரிந்ததும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அடுத்த தூணில் போய் முட்டிக்கொண்டேன். நர்ஸும் சிரித்தார்.

படிப்புதான் வரவில்லை. தமிழ் இடமிருந்து வலமாகத்தானே ஓடுகிறது? ஒரு எழுத்தைப் பார்த்தால் அடுத்த எழுத்து இல்லை. வார்த்தை எங்கே முடிகிறது என்று தெரியாது. மூன்று எழுத்து படித்துவிட்டு அதுதான் வார்த்தை என்று நினைத்துக்கொள்வேன், அர்த்தம் வராது. ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவள், அரிச்சுவடிப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். நர்ஸுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனாலும் ஒன்று சொன்னார்: "வரி முடியிற இடத்துல ஒரு அடையாளம் வை. கண்ணு அதைத் தேடிப் போகும். அது கிடைக்கும்வரை நிறுத்தாதே."

ஊருக்குத் திரும்பியபோது பாவா ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் பெயர்ப் பலகையைக் காட்டி, "அது இன்னா எழுதி கீது, படி" என்றார். அப்போது எங்கள் ஊர் சித்தூர் ஜில்லா. பலகையில் தெலுங்கும் தமிழும் இங்கிலீஷும் இருக்கும். தமிழைப் பார்த்தேன். "திரு" என்றேன். பாவா நீட்டிய கையை இறக்கவில்லை. கண்ணைத் தாவவிட்டேன். "த்தணி" என்றேன். அவர் என் பெட்டியை எடுத்துக்கொண்டு வேகமாக முன்னால் நடந்தார். முகத்தை எனக்குக் காட்டாமல் இருக்கத்தான்.

டாக்டர் சொன்னதை அத்தையிடம் பாவா விளக்கிச் சொன்னார். அத்தை கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. கண் நன்றாக இருக்கிறது, ஆனால் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? மறுநாள் காலை நான் அடுப்படியில் உட்கார்ந்து முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நர்ஸ் சொன்ன மாதிரி வலது ஓரத்தைத் தொட்டுவிட்டு மெல்ல மெல்ல இடது பக்கம் வந்துகொண்டிருந்தேன். வேலையிலேயே மூழ்கிப் போயிருந்தேன். திடீரென்று வலது காதுக்குப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஒரு சாண் தூரத்தில் அத்தை. கையில் கரண்டியை என் முகத்துக்கு நேராக ஓங்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய நின்றாள்.

"எவ்ளோ நேரமா நிக்கிறீங்க அத்த?"

"அப்பவே வந்துட்டேன்டி. கரண்டிய ஆட்டிக் காட்டிகினே கீறேன். நீ கண்ணக்கூட சிமிட்டல." அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டாள். "நீ பொரியல வேணும்னே தள்ளி வெச்சேன்னு நெனச்சிட்டேனே."

அதற்கப்புறம் அத்தை ஊரெல்லாம் கேட்கிற மாதிரி, "வலது பக்கம் வந்துகினு கீறேன்!" என்று குரல் கொடுத்துக்கொண்டுதான் என் கிட்டே வருவாள். தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் இடது பக்கமே வைப்பாள். அது கூடாது, நானேதான் தேடிப் பார்க்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னதைச் சொன்னேன். அன்றிலிருந்து நேர் எதிராக மாறிவிட்டாள். காபி டம்ளரை வலது பக்கம் வைத்துவிட்டு, நான் கண்ணைத் திருப்பி அதைப் பார்க்கிறவரை கையை எடுக்கமாட்டாள். "மொதல்ல பாரு. அப்புறம் குடி." சூடு ஆறிப்போனாலும் விடமாட்டாள்.

விழுவதற்கு முன்னால் எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. ரயிலில் வருகிறவர்கள் படித்துவிட்டுப் போட்டுப்போகிற வாரப் பத்திரிகைகளைப் பாவா எடுத்து வருவார். சனி ஞாயிறு மத்தியானம் நான் அதில் வரும் தொடர்கதையை உரக்கப் படிப்பேன். அத்தை வெற்றிலை மென்றுகொண்டு கேட்பாள். அத்தைக்குத் தமிழும் தெலுங்கும் வாயில் சரளம். எழுத்து எதிலும் தெரியாது. நான் விழுந்த வாரத்துக்கு முந்தின வாரம், கதையில் பர்மாவுக்குப் போய்த் திரும்பாத புருஷனை நினைத்துக்கொண்டு ஒருத்தி தனியாக உட்கார்ந்திருக்க, யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அதோடு 'தொடரும்'. அடுத்த இதழ்கள் வந்து பரண்மேல் கிடந்தன.

பாவா ஒருநாள் படித்துக் காட்டப் பார்த்தார். கொஞ்ச நேரத்திலேயே அத்தை நிறுத்தச் சொல்லிவிட்டாள். "வண்டி வர்ற நேரம் படிக்கிற மாதிரி படிக்கிறான்டி இவன். எனக்கு வேணாம்." பிறகு என்னிடம் மெல்லக் கேட்டாள். "நீ இன்னா, படிச்சுதான் பாரேன். கொஞ்சம் கொஞ்சமா."

நெய்கிற வீட்டில் பிறந்தவள் அத்தை. வீட்டில் எப்போதும் நூல் கிடக்கும். நான் வரி முடிகிற இடத்தில் அடையாளம் வேண்டும் என்றதும், சிவப்பு நூலை எடுத்துப் பத்திரிகையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழே நீட்டி வைத்து, இரண்டு முனையையும் விரலால் அழுத்திக்கொண்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். "செவப்பு வர்ற வரைக்கும் படி. நடுவுல நிறுத்தாத."

படித்தேன். சிவப்பு தெரிகிறவரை கண்ணைத் தள்ளிக்கொண்டே போனேன். நெற்றி வலித்தது. முதல் நாள் ஒரு பத்திகூட முடியவில்லை. அத்தை எழுத்து தெரியாதவள்தான். ஆனால் நான் வரியைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவினால் கதையில் இடறும், உடனே பிடித்துக்கொள்வாள். "அவ எழுந்து எங்க போனா? அது சொல்லலியே நீ." திரும்பிப் பார்த்தால் வரியின் கடைசி இரண்டு வார்த்தைகளை விட்டிருப்பேன். கதவைத் தட்டியது யார் என்று தெரிந்துகொள்ள எங்களுக்குப் பல மத்தியானங்கள் பிடித்தன. கடைசியில் பார்த்தால், பால்காரன்!

"இதுக்கா?" என்றாள் அத்தை. நூலைச் சுருட்டிப் போட்டுவிட்டுச் சிரித்தாள். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். விழுந்த பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முதல்முறை சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

சாய்த்துப் படிப்பதை நானாகத்தான் கண்டுபிடித்தேன். தலைவலி வந்து ஒருநாள் பாயில் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். பத்திரிகையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். படுத்தபடியே பார்த்தபோது வரிகள் என் கண்ணுக்கு மேலிருந்து கீழே ஓடின. அடுத்த எழுத்து வலது பக்கமிருந்து வரவில்லை, கீழே இருந்தது. கீழே எனக்குத் தெரியும்! சரசரவென்று நாலைந்து வரி படித்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். பத்திரிகையை மடியில் வைத்து, அதன் வலது ஓரம் என் வயிற்றுப் பக்கம் வருகிற மாதிரி திருப்பிப் பார்த்தேன். எழுத்துகள் எல்லாம் படுத்துக் கிடந்தன. முதலில் தடுமாற்றமாக இருந்தது. ஆனால் வரி எங்கே போகிறது என்று தெரிந்தது. அடுத்த வரி இடது பக்கம் காத்திருந்தது.

அத்தை வந்து பார்த்துவிட்டு, "இன்னாடி இது, புத்தகத்தப் படுக்க வெச்சிகினு படிக்கிற?" என்றாள்.

"இப்படித்தான் அத்த வருது."

"வந்தா சரி" என்று வெற்றிலைச் செல்லத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "எங்க விட்டோம்?"

வெளியே தனியாகப் போக இன்னும் தைரியம் வரவில்லை. பாவா டியூட்டி இல்லாதபோது கடைத்தெருவுக்குக் கூட்டிப் போவார். பக்கத்தில் வராமல் நாலு அடி பின்னால் வரச் சொல்லியிருந்தேன். கிருத்திகை நாள் ஒன்றில் மலைக்குப் போகிறவர்களின் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். காவடிகள், மஞ்சள் துணி, மேளம். வலது பக்கம் கண்ணைத் தாவவிட்டால் அதற்குள் இடது பக்கம் மாறிவிடுகிறது. பழக்கூடை சுமந்து வந்த ஒரு பெண்மேல் நன்றாக மோதிவிட்டேன். கொய்யாப் பழங்கள் தெருவில் உருண்டன.

"கண்ணு தெரியல உனுக்கு?" என்று கத்தினாள்.

பாவா ஓடிவர இருந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "ஆமாம்மா. இந்தப் பக்கம் எனக்குத் தெரியாது. மண்டைல அடிபட்டுப் போச்சு" என்றேன்.

அதுவரை யாரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. வீட்டில்கூட அத்தையும் பாவாவும்தான் மற்றவர்களிடம் சொல்வார்கள். அந்தப் பெண் என் கண்ணை உற்றுப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. "அப்ப அந்தப் பக்கம் செவுத்த ஒட்டிப் போவறதுதானே?" என்றாள். நல்ல யோசனைதான். பழங்களைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, தெருவின் வலது சுவரை ஒட்டி நடந்தேன். வலது பக்கமிருந்து யாரும் வர வழியில்லை. அதற்குப் பிறகு கடைத்தெருவுக்குத் தனியாகவே போய்வந்தேன்.

வருஷம் பிறந்து சித்திரையும் போனது. பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போனேன். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். என் இடத்துக்கு வேறொருவரைப் போட்டாகிவிட்டது என்பதைச் சுற்றி வளைத்துச் சொன்னார். வீட்டிலேயே ஓய்வாக இருக்கலாமே, வீட்டுக்காரர்தான் சம்பாதிக்கிறாரே என்றார்.

"என்னால பாடம் நடத்த முடியும் சார்."

"கேள்விப்பட்டேம்மா. பாதிப் பார்வைதானாமே. படிக்க முடியுதா?"

அவர் மேஜைமேல் இருந்த புத்தகத்தைக் காட்டி, எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். எடுத்துப் படுக்கத் திருப்பி மடியில் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் முழுக்கப் படித்தேன். எங்கும் வார்த்தை விடவில்லை. ஆனால் மெதுவாகத்தான் படித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தப்பில்லாம படிக்கிறே. ஆனா ரொம்ப மெதுவா இருக்கேம்மா. அஞ்சாங் கிளாஸ் பசங்க காத்திருக்க மாட்டாங்க."

அது உண்மை. எனக்கும் தெரியும். வீட்டிலிருந்து வரும்போதே யோசித்துக்கொண்டுதான் வந்தேன். "ஒண்ணாங் கிளாஸ் கொடுங்க சார்" என்றேன். "அதுங்க என்னைவிட மெதுவாத்தான் படிக்கும்."

அவர் சிரித்துவிட்டார். ஒன்றாம் வகுப்புக்கு யாரும் விரும்பிப் போவதில்லை. அழுகிற குழந்தை, ஓடுகிற குழந்தை, பாதிப் பேர் தெலுங்கு மட்டும் பேசுகிற குழந்தைகள். கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார்.

முதல் நாள் மற்றவர்களுக்கு முன்னால் போய் அறையைச் சரி செய்தேன். என் நாற்காலியைச் சுவர் என் வலது பக்கம் வருகிற மாதிரி மூலையில் இழுத்துப் போட்டேன். பிள்ளைகள் உட்காரும் பலகைகள் எல்லாம் எனக்கு இடது பக்கம் வந்தன. கரும்பலகையின் வலது ஓரத்தில் சிவப்புச் சாக்பீஸால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தேன். கதவு மட்டும் தகராறு செய்தது. அது என் பார்வைக்கு வெளியே போய்விட்டது. ஓடிப் போகிற பிள்ளை அந்த வழியாகத்தானே போகும்? கதவில் ஒரு சலங்கையைக் கட்டித் தொங்கவிட்டேன்.

பிள்ளைகள் வந்தார்கள். வெட்கப்படாமல் அவர்களிடமும் சொன்னேன். டீச்சருக்கு இந்தப் பக்கம் தெரியாது, இந்தப் பக்கம் வந்தால் கூப்பிட்டுச் சொல்லணும் என்று. உடனே ஒருத்தி எழுந்து வலது பக்கம் வந்து நின்று, "இப்ப தெரியுதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். ஒரு அடி முன்னால் வந்து, "இப்ப?" அவ்வளவுதான். அன்று காலை முழுவதும் ஒவ்வொருவராக வந்து எந்த இடத்தில் டீச்சர் கண்ணில் படுகிறோம் என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். பட்டணத்து டாக்டர்கூட அவ்வளவு நேரம் என்னைப் பரிசோதித்ததில்லை. அன்று ஒரு எழுத்தும் சொல்லிக்கொடுக்கவில்லை.

போன பாதிப் பார்வை திரும்ப வரவே இல்லை. மேலே ஒரு மூலையில் கொஞ்சம் வெளிச்சம் மாதிரி வந்தது. அதுவும் கையசைந்தால் தெரிகிற அளவுதான். மற்றபடி டாக்டர் சொன்ன மாதிரியே ஆயிற்று. ஒரு பெண் பிறந்தாள். அவளைத் தூக்கும்போது தலை எப்போதும் என் இடது தோளில்தான். அவள் தவழ ஆரம்பித்த நாட்களில்தான் மறுபடியும் கொஞ்சம் பயந்தேன். அந்த வருஷம் முழுக்க அத்தை அவளை என் பொறுப்பில் தனியாக விடவில்லை, நானும் கோபித்துக்கொள்ளவில்லை.

சில வருஷங்கள் கழித்து தலைமை ஆசிரியர் மறுபடியும் கூப்பிட்டு, நாலாம் வகுப்பில் இடம் இருக்கிறது, எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். இப்போது முன்னைவிட வேகமாகப் படிக்கிறாயே என்றார். அது உண்மைதான். ஒரு நாள் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குத் திரும்பினேன். நான் இல்லாத நேரத்தில் ஒரு பெரிய பையன் வந்து பிள்ளைகளை மிரட்டியிருக்கிறான். எல்லாரும் ஒரே நேரத்தில் புகார் சொன்னார்கள், பாதி தமிழில், பாதி தெலுங்கில். அவர்களைச் சமாதானப்படுத்தி உட்காரவைத்து, 'ஆடு' என்று கரும்பலகையில் எழுதினேன். அவர்கள் எழுத்துக் கூட்டி முடிக்கும்வரை காத்திருக்க எனக்குப் பிடித்திருந்தது. மறுநாள் போய், ஒன்றாம் வகுப்பிலேயே இருந்துவிடுகிறேன் சார் என்று சொல்லிவிட்டேன்.